காலி டியூபில் பச்சை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆய்வகத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே நான் மேடம். மேடத்துக்கு வருவது கோபம் இல்லை, டென்ஷன். அந்த டென்ஷன் ஒரு நாள் காலையில் பத்து நொடி வாயைத் திறந்ததில் ஒரு பெண்ணின் ஒன்பது வருடக் காத்திருப்பு கிட்டத்தட்டப் பாழானது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதே என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிக்கொள்ளக் கை பரபரக்கிறது. முடிந்தவரை அடக்கிப் பார்க்கிறேன்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் உள்தெரு ஒன்றில் இருக்கிறது எங்கள் ஆய்வு நிறுவனம். ஒரு பக்கம் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை, மறுபக்கம் மாத்திரைக் கம்பெனியின் மதில். காலை ஷிப்டுக்கு ஆட்கள் இறங்கும்போது தெருவில் பாதிப் பேச்சு தமிழாகத்தான் இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் என்று குரலை வைத்தே ஊரைச் சொல்லிவிடலாம். நான் வேலூர்ப் பக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அடுக்குமாடியில் பதினைந்து வருடமாகக் குடியிருக்கிறேன். இன்னமும் நான் கன்னடத்தில் வாயைத் திறந்தால் காய்கறிக்காரர் இரக்கப்பட்டுத் தமிழுக்கு மாறிவிடுவார்.

என் குழு என்று சொன்னால் ஏதோ பெரிதாகத் தோன்றும். நானும் அக்காவும்தான் குழு. அக்கா என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் வாசல் காவலாளி முதல் தலைவர் வரை கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அதுவே பழகிவிட்டது. அல்சூரில் பிறந்து அல்சூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். வீட்டுக் கூடத்தில் புத்தர் படம், வாயில் தமிழும் கன்னடமும் தக்கினி உருதுவும். தமிழை மணியாகப் பேசுவார், ஆனால் கன்னட மீடியத்தில் படித்ததால் ஓர் எழுத்து எழுத வராது. மூன்று மெட்ரோ மாறி வேலைக்கு வருவார். மெட்ரோ வருவதற்கு முன்பு சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸில் நின்றே பாதி ஆயுள் போனதாகச் சொல்வார்.

அவரைச் சேர்த்தது கண்ணாடிச் சாமான் கழுவுவதற்கு. அடையாள அட்டையில் 'ஹெல்பர்' என்று இருக்கும். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். ஆனால் கழுவுவதோடு அவர் நிற்கவில்லை. பி.யூ.சி.யில் சயன்ஸ் எடுத்தவர், பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டார். நான் சேர்ந்த ஆறாவது மாதத்திலேயே நுண்ணளவு திரவத்தைப் பிப்பெட்டில் எடுத்து விடுவதில் என் கையைவிட அவர் கை நேர்த்தி என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு என் சோதனைகளில் கை வேலை எல்லாம் அவருடையது. அட்டையில் மட்டும் ஹெல்பர்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. ஒப்பந்த ஊழியர் எவராவது ஆய்வுக் கட்டுரை ஒன்றில் ஆசிரியராகப் பெயர் பெற்றால், தொழில்நுட்ப உதவியாளர் பதவிக்கு நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தர வேலை. கழுவும் அறை வழியாக இல்லாமல் முன்வாசல் வழியாக வரலாம். அக்கா ஒன்பது வருடமாக அந்த விதியை மனப்பாடமாக வைத்திருந்தார். இதற்கு முன் அவரோடு வேலை செய்த இரண்டு விஞ்ஞானிகளும் கட்டுரையின் கடைசியில் சின்ன எழுத்தில் நன்றி தெரிவித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நன்றியை வைத்து விண்ணப்பிக்க முடியாது.

இனி எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், சுருக்கமாகத்தான்.

டிஎன்ஏ என்றால் பரம்பரைக் குணம் எழுதிவைத்த ஏடு என்றுதான் எல்லோருக்கும் தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு அது கட்டுமானப் பொருள். ஒரு வைரஸிலிருந்து எடுத்த நீளமான இழை ஒன்று. அதோடு ஏராளமான குட்டி இழைகள். மக்னீசியம் உப்புக் கரைசலில் போட்டுச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால், குட்டி இழைகள் நீள இழையை அங்கங்கே பிடித்து இழுத்து மடித்துவிடும். புடவைக்குக் கொசுவம் வைத்து ஊக்கு குத்துகிற மாதிரி. எந்த இடத்தில் மடிய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். நாங்கள் மடித்தது ஒரு செவ்வகப் பலகை. மைக்ராஸ்கோப்பில்கூடச் சாதாரணமாகத் தெரியாத அளவு.

அந்தப் பலகையில் இரண்டு நொதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தோம். முதல் நொதி சர்க்கரையை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியே விடும். இரண்டாவது அந்தப் பெராக்சைடை வாங்கிக்கொண்டு, நிறமில்லாத ஒரு சாயத்தைப் பச்சையாக்கும். இரண்டும் திரவத்தில் ஆளுக்கொரு மூலையில் அலைவதைவிடப் பலகையில் தோளோடு தோள் உட்கார்ந்தால் வேலை வேகமாக நடக்குமா? இதுதான் கேள்வி. நடந்தால், சீக்கிரம் நிறம் காட்டும் சோதனைப் பட்டைகள் செய்யலாம் என்பது தலைவரின் கணக்கு.

ஒப்பிட வேண்டாமா? அதனால் எப்போதும் இரண்டு வரிசை டியூப் வைப்போம். ஒரு வரிசையில் பலகையில் கட்டிய நொதிகள். இன்னொரு வரிசையில் அதே நொதிகள், அதே அளவில், பலகை இல்லாமல் சும்மா. இரண்டையும் மிகவும் நீர்த்த நிலையில் பிளாஸ்டிக் டியூபில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு சர்க்கரையும் சாயமும் சேர்த்த திரவத்தில் கலந்து, பச்சை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கருவியில் பார்ப்போம்.

முதல் தடவையே பலகை வரிசை சரசரவென்று ஏறியது. சும்மா வரிசை சோம்பேறியாகக் கிடந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே, மூன்றாம் தடவையும் அப்படியே. கொஞ்ச வித்தியாசம் இல்லை, பல மடங்கு. நான் அன்றைக்குக் கேன்டீனில் இரண்டு மைசூர்பாகு வாங்கி அக்காவுக்கு ஒன்று கொடுத்தேன். தலைவர் என் மேசைக்கே வந்து கிராஃபைப் பார்த்தார். அவர் யார் மேசைக்கும் வருகிறவர் இல்லை.

எங்கள் கழுவும் அறையில் அக்கா வைத்த சட்டம் ஒன்று இருந்தது. பயன்படுத்திய டியூபும் புது டியூபும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். எப்போதோ ஒருவர் பழையதைப் புதியது என்று எடுத்துப் போட்டு ஒரு நாள் வேலை வீணாகிவிட்டது. அதிலிருந்து, மிச்சமாகும் சர்க்கரை-சாயக் கரைசலைக் கீழே கொட்டாமல், காலி செய்த டியூப்களில் ஊற்றிப் பத்து நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும். நொதி பட்ட டியூப் பச்சையாகிக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் குப்பைப் பை. உலகத்தில் வேறு எந்த ஆய்வகத்திலும் இப்படிச் செய்வார்களா என்று தெரியாது. தலைவரே டியூப் எடுத்தாலும் அக்காவிடம் தப்ப முடியாது.

ஆனால் எங்கள் பலகை வேலையில் நொதி அவ்வளவு நீர்த்திருக்கும். காலி டியூபில் ஒட்டியிருக்கும் மிச்சத் துளியால் நிறம் வராது. வரக் கூடாது.

முதலில் சொன்ன அந்தக் காலையில் பக்கத்துக் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் எங்கள் கிராஃபைப் பார்க்க வந்திருந்தார்கள். நான் பெருமையில் மிதந்துகொண்டு விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கழுவும் அறையிலிருந்து டியூப் ஸ்டாண்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"மேடம், ஸ்வல்ப இங்க பாக்குறீங்களா? காலி டியூப் பச்சையாவுது. பலகை வரிசை ஆவல. சும்மா வரிசை மட்டும் ஆவுது."

நான் ஸ்டாண்டைப் பார்க்கவில்லை. வந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஒரு ஹெல்பர் வந்து என் சோதனையில் ஓட்டை இருக்கிறது என்று சொல்கிற மாதிரி எனக்குப் பட்டது.

"ஒழுங்கா கவுத்தீங்களா? மிச்சத்த உள்ளேயே வெச்சுட்டு, பச்சை, மஞ்சள்னு வந்து நிக்காதீங்க. டியூப் காலி பண்றதுகூட நான் சொல்லித் தரணுமா?"

வந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். அக்கா "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டோடு திரும்பிப் போனார். அவர் கவிழ்க்காமல் விடுகிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

அடுத்த வாரம் கட்டுரை எழுத ஆரம்பித்தேன். குற்றவுணர்ச்சி என்று அன்று நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் அக்காவைக் கூப்பிட்டு, "இந்தப் பேப்பர்ல ரெண்டாவது பேரு உங்களுது" என்றேன். அவர் கைகளைப் பின்பக்கம் துடைத்துக்கொண்டே நின்றார். "நெஜமாவா மேடம்? பேரு? கீழ சின்னதா இல்லியே?" என்று கேட்டார். "மேலேதான், என் பேருக்குப் பக்கத்துல" என்று திரையில் தட்டிக் காட்டினேன். தன் பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். அன்று சாயங்காலம் எல்லோருக்கும் அவர் செலவில் பாதாம் பால்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தோம். அக்கா பச்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மறந்தே போனேன்.

புத்த பூர்ணிமா வந்தது. எங்களுக்கு விடுமுறை கிடையாது. அக்கா மட்டும் அன்றைக்கு வருடம் தவறாமல் லீவு எடுப்பார். கட்டுரையை அனுப்ப நாலே நாள் இருந்தது. கடைசியாக ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள் என்று தலைவர் சொல்லியிருந்ததால், நானே பிப்பெட் பிடித்தேன். மதியத்துக்குள் முடிந்தது. கிராஃப் வழக்கம்போல அழகாக வந்தது. அக்கா இல்லாத நாளில் அவர் சட்டத்தை மீறினால் மறுநாள் முறைப்பார் என்று, மிச்சச் சாயத்தைக் காலி டியூப்களில் ஊற்றிவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தபோது ஒரு வரிசை நிறமில்லாமல் இருந்தது. மற்ற வரிசை முழுக்கப் பச்சை.

முதலில் என்னையே திட்டிக்கொண்டேன், ஒழுங்காகக் கவிழ்க்கவில்லை என்று. பிறகு அந்த வாக்கியத்தை எங்கே கேட்டேன் என்று நினைவு வந்தது. புது டியூப்களை எடுத்து மறுபடி இரண்டு வரிசையும் செய்தேன். காலி செய்தேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அலசினேன். சாயத்தை ஊற்றினேன். பலகை வரிசை அப்படியே இருந்தது. சும்மா வரிசை பச்சையாக ஏறியது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். மாவைக் கரண்டியால் எடுத்த பிறகும் பாத்திரத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும் அல்லவா? பத்துப் படி மாவில் அது கணக்கே இல்லை. ஒரு கரண்டி மாவில் பாதி அதுவே. நாங்கள் வைத்த நொதி அவ்வளவு கொஞ்சம். அதில் பெரும்பகுதி டியூபின் பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. டிஎன்ஏ பலகையில் கட்டிய நொதிகள் ஒட்டவில்லை. ஆகவே பலகை வரிசை வேகமாக ஓடவில்லை. சும்மா வரிசையில் ஓட ஆளே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்ததால் வந்த லாபம் என்று நான் இரண்டு மாதமாகக் கொண்டாடியது, என் டியூப் விழுங்கிய நொதி.

இந்தத் துறையில் பலர் இப்படி ஏமாந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. நீர்த்த நொதியை வைத்து வேலை செய்யும்போது சுவரைச் சந்தேகப்படுங்கள் என்று நானே செமினாரில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். அழுகை வரவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது.

மறுநாள் காலை அக்கா பூர்ணிமாப் பாயசம் ஒரு டப்பாவில் கொண்டுவந்தார். நான் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, பச்சை ஸ்டாண்டைக் காட்டினேன். அவர் கேட்டார், "நீங்க ஊத்துனீங்களா மேடம்?"

"ஊத்தினேன். இது எப்பலருந்து ஆவுது?"

"மொதல்லருந்தே."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு வாட்டியும் பாத்தேன் மேடம்."

"ஏன் சொல்லல?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவர் என்னை நேராகப் பார்த்தார். "ஒரு வாட்டி சொன்னேனே." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் மெதுவாகச் சொன்னார். "அப்புறம் நீங்க பேரு போடுறேன்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் வாயி வரல மேடம். சொன்னா பேப்பர் போயிடும்னு தெரியும். தப்புதான். தெரிஞ்சேதான் பண்ணேன்."

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால்தான் நேர்மை. இரண்டு மாதம்! பக்கத்திலேயே நின்றுகொண்டு! ஆனால் அந்தக் கோபம் அவரிடம் போய்ச் சேர வழியில்லாமல் என்னிடமே திரும்பி வந்தது. ஒன்பது வருடமாக ஒரு பெயருக்காகக் காத்திருப்பவரை ஒரு நாள் ஊர் சிரிக்கத் திட்டிவிட்டு, அடுத்த வாரம் அந்தப் பெயரையே கையில் கொடுத்தால், அவர் வேறு என்ன செய்வார்? நானாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

"என் பேர எடுத்துடுங்க மேடம்," என்றார்.

"எதுலருந்து எடுக்கிறது? பேப்பரே இல்லையே அக்கா."

நான் டப்பாவைத் திறந்தேன். இரண்டு பேரும் பாயசத்தைக் குடித்தோம். சேமியா குழைந்திருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது.

அடுத்த மூன்று வாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். சுவரை அடைப்பதற்கென்றே ஒரு சாதாரணப் புரதத்தை இரண்டு வரிசைக்கும் சேர்த்தோம். நொதிக்கு முன்பாக அது போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அக்காதான் பிப்பெட் பிடித்தார். வித்தியாசம் சுருங்கிச் சுருங்கி, இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடும் அளவுக்கு வந்து நின்றது. நான் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. பலகை வேலையை மூடிவிட்டு என்னை வேறு குழுவுக்கு மாற்றினார். அது எனக்கு வேண்டியதுதான்.

மூடுவதற்கு முன்பு ஒரு சிறு குறிப்பு எழுத அனுமதி வாங்கினேன். பலகையில் கட்டிய நொதிகளை ஒப்பிடுபவர்கள் டியூப் சுவரைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும், இதோ நாங்கள் விழுந்த பள்ளம், காலி டியூபில் சாயம் ஊற்றினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும் என்று இரண்டே பக்கம். பெரிய பத்திரிகை இல்லை, ஆனால் ஏற்றுக்கொண்டார்கள். என் பெயர், பக்கத்தில் அக்கா பெயர். அதில் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். 'டியூப்களைச் சுத்தம் செய்யும்போது இது தெரியவந்தது' என்று மட்டும் எழுதினேன். யார் பார்த்தது, எப்போது பார்த்தது, யாரிடம் சொன்னது என்பதை எல்லாம் விட்டுவிட்டேன்.

கட்டுரை கட்டுரைதானே. அக்கா விண்ணப்பித்தார்.

நேர்காணல் ஒரு திங்கட்கிழமை காலை. தலைவர், எச்.ஆர். அதிகாரி, வெளியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை என்று மூன்று பேர். பரிந்துரைத்தவள் என்று என்னையும் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அக்கா பச்சைப் பட்டுக்கரைப் புடவையில் வந்திருந்தார். வேலைக்குச் சான்றாகத் தன் கழுவும் அறை நோட்டுகளைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். தினமும் என்ன கழுவினார், எவ்வளவு டியூப் போனது, என்ன கவனித்தார் என்று எழுதிவைக்கும் நோட்டு. எல்லாம் கன்னடத்தில். வாரக் கடைசியில் நான் அதில் கையெழுத்துப் போடுவேன். எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை.

பேச்சு கன்னடத்தில் நடந்தது. அக்கா அழகாகப் பதில் சொன்னார். சாயம் ஏன் பச்சையாகிறது, மக்னீசியம் இல்லாவிட்டால் பலகை ஏன் அவிழ்ந்துபோகும் என்று எல்லாம் சொன்னார். எச்.ஆர். அதிகாரி புருவத்தை உயர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பேராசிரியை மட்டும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு பக்கத்தில் விரல் வைத்து, 'காலி டியூப் பச்சை' என்று வாசித்தார். அடுத்த பக்கம் திருப்பினார். 'காலி டியூப் பச்சை'. இன்னும் இரண்டு பக்கம் தள்ளி, மறுபடியும். ஒவ்வொரு வாரத்தின் கீழேயும் என் கையெழுத்து.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவிடம் கேட்டார். கேள்வி எனக்கும் புரிந்தது. தப்பு நடக்கிறது என்று நீங்கள் இரண்டு மாதமாகப் பார்த்திருக்கிறீர்கள். யாரிடமும் சொல்லவில்லையா?

இந்தப் பதவிக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். தப்பைப் பார்த்து மறைப்பவரை ஆய்வகத்தில் வைத்துக்கொள்ள முடியாது. அக்கா ஒரு நொடிகூட என் பக்கம் திரும்பவில்லை. "இல்ல மேடம். மறந்துட்டேன். என் தப்பு," என்று கன்னடத்தில் சொன்னார்.

நான் பேச வேண்டிய நேரம் அது. உடனே பேசினேன் என்று எழுத ஆசை. இல்லை. தலைவர் அடுத்த கேள்விக்குத் தாளைத் திருப்புகிறவரை உட்கார்ந்துதான் இருந்தேன். என் பெயர், என் புதுக் குழு, நான் எழுதிய அந்த வழவழப்பான வாக்கியம் எல்லாம் மண்டைக்குள் ஓடின. அக்காவின் கை மேசைக்கு அடியில் புடவைக் கரையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

ஆங்கிலத்தில் சொன்னால் எனக்குச் சுலபம். ஆனால் வேகமாக ஆங்கிலம் பேசினால் அக்காவுக்குப் பாதிதான் பிடிபடும். இதில் பாதி பிடிபடக் கூடாது. அவர் கொடுத்த பதிலை அவர் பேசிய மொழியிலேயே திருத்த வேண்டும் என்று தோன்றியது. காய்கறிக்காரரும் பொறுக்காத என் கன்னடத்தில் சொன்னேன்.

"அவரு நனகெ ஹேளிதரு. நானு கேளலில்ல. எல்லர முந்தெ பைதே."

என்னிடம் அவர் சொன்னார், நான் கேட்கவில்லை, எல்லோர் முன்னாலும் திட்டினேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. மிச்சத்தைத் தமிழும் ஆங்கிலமுமாகத் திக்கித் திக்கிச் சொன்னேன். கட்டுரையில் அந்த வரியை விட்டதும் நான்தான் என்றேன். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

உட்கார்ந்தபோது, காப்பாற்றிவிட்டோம் என்று ஓர் அல்ப சந்தோஷம்கூட எனக்கு வந்தது. ஆனால் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பேராசிரியையைப் பார்த்து, நான் சொல்லாமல் விட்ட மறுபாதியையும் தானே சொன்னார். ஒரு தடவைதான் சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்தேன், சொல்லவில்லை. பேப்பரில் பேர் வரும் என்று ஆசை. நோட்டில் மட்டும் எழுதினேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிறகு பேராசிரியை நோட்டை மூடி இரண்டு கையாலும் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். வெளியே இருங்கள் என்றார்கள்.

கடிதம் பத்து நாளில் வந்தது. வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு உறுதிசெய்வோம் என்று ஒரு வரி இருந்தது, ஆறு மாதமும் நல்லபடியாகப் போனது. ஆனால் அன்றைக்குத் தாழ்வாரத்தில் நின்றபோது எங்களுக்கு அது எதுவும் தெரியாது. எல்லாம் போய்விட்டது என்றுதான் இருவருமே நினைத்தோம்.

அக்கா என்னிடம் பேசாமல் விறுவிறுவென்று நடந்தார். கழுவும் அறைக்குள் போய் நோட்டுகளை அலமாரியில் அடுக்கினார். நான் வாசலிலேயே நின்றேன். மேடம் என்று ஒன்பது வருடம் தயங்கித் தயங்கி நுழைந்த அறைகளில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் கொஞ்சம் தெரிந்தது. உள்ளே போகலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

"எதுக்கு மேடம் அங்க எந்திரிச்சீங்க?" என்றார், திரும்பாமலேயே. "நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிட்டேனே. உங்களுக்கு எவ்ளோ கெட்ட பேரு. தலைவரு மூஞ்ச பாத்தீங்களா?"

"பாத்தேன். பர்வாயில்ல. நடந்ததத்தான சொன்னேன்."

"அந்த கன்னடம் வேற." அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று பார்த்தால், அழுதுகொண்டிருந்தார்.

"கோவமா அக்கா?"

"இல்ல மேடம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "ஒம்போது வருஷமா இந்த பில்டிங்ல நான் சொல்லி எத்தினியோ பண்ணியிருக்காங்க. 'இவங்க சொன்னாங்க'ன்னு ஒருத்தர் வாயால இன்னிக்குத்தான் கேட்டேன். அதுவும், திட்டினவங்க வாயால."